ஏற்காடு மலைப்பாதையில் இரண்டு மின்கார்கள்: புதிய நிறுவனமா, பழைய சொகுசு நிறுவனமா?

சேலத்தில் கார் மாற்ற நினைக்கும் பலரிடமும் இப்போது ஒரே கேள்விதான் இருக்கிறது. சீன நிறுவனமான பிஒய்டியின் அட்டோ 3 மின்காரின் தொடக்க விலையை 2024 ஜூலையில் 24.99 லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் 49 லட்சத்தில் தொடங்கியது. இரண்டும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன என்றால், கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்காக? எங்கள் குடும்பத்தில் இரண்டு வகை வண்டிகளும் இருப்பதால், என் அனுபவத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

அஸ்தம்பட்டியில் என் வீட்டில் நிற்பது, கார் தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு நிறுவனத்தின் மின் எஸ்யூவி. நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் மைத்துனரிடம் இருப்பது, நூறாண்டு கடந்த ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் மின்கார். சில ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி வருகிறோம். மாடல் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே நின்றுவிடும். நான் பேச வந்ததோ இரண்டு வகை நிறுவனங்களின் அணுகுமுறையைப் பற்றி.

முதலில் ஏற்றம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயர வேறுபாடு இருக்கிறது. ஆட்களோடு சேர்த்து 2 டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்க, கணக்குப்படி 6 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலை உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் ஆவது தனி. 60 யூனிட் பேட்டரியில் அந்த 6 யூனிட் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். டீசல் வண்டியில் கியர் மாற்றி மாற்றி, எஞ்சின் முனக ஏறிய அதே 20 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு மின்கார்களும் ஒன்றுபோலவே அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடுகின்றன. ஒரு காலத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காகவே சொகுசு வண்டி வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பெருமையை மின்மோட்டார் எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. வேகத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதில் இனிப் பொருளில்லை என்பது என் உறுதியான கருத்து.

வேறுபாடு இறக்கத்தில்தான் தெரிகிறது. மலையிறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. ஏறும்போது செலவான அந்த 6 யூனிட்டில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்புகிறது. ரீஜென் என்று சொல்லப்படும் இந்த வசதி என் வண்டியில் இரண்டே நிலைகளில் இருக்கிறது. அதிக நிலையில் வைத்தாலும் சரிவான வளைவுகளில் பிரேக்கை மிதித்தே ஆக வேண்டும். அப்படி மிதிக்கும்போது, மோட்டார் பிடிப்பிலிருந்து பிரேக் பிடிப்புக்கு மாறும் இடத்தில் ஒரு சிறு உதறல் வருகிறது. ஓட்டுபவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் மைத்துனரின் மகளுக்குத்தான் அதன் விளைவு. பாதி மலை இறங்குவதற்குள் முகம் வெளிறி, எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டச் சொல்வாள். அதே குழந்தை அவள் அப்பாவின் வண்டியில் அடிவாரம் வரை தூங்கிக்கொண்டே வருகிறாள். பெடலை எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் எங்கே விட்டது, பிரேக் எங்கே பிடித்தது என்பது அந்த வண்டியில் தெரிவதே இல்லை. பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மின்கார்களில் முன்னே செல்லும் வண்டியின் தூரத்தைப் பார்த்து ரீஜென் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கிறது. எதிரே பேருந்து ஏறி வரும்போது முன்னே போகும் வண்டிகள் திடீரென நிற்கும் நம் மலைப்பாதையில் இதன் அருமை புரியும். பிரேக் பெடலின் உணர்வு, சஸ்பென்ஷன், இருக்கையின் அமைப்பு ஆகியவை பல பத்தாண்டுகள் வண்டி செய்து பழகிய கைகளுக்கே வசப்படுபவை என்று நான் நம்புகிறேன்.

இங்கே எல்லா மின்கார் உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலை மேல் தங்கும் விடுதியில் சார்ஜர் இருக்கிறதே என்று இரவு முழுவதும் போட்டு 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. ரீஜென் ஏறக்குறைய நின்றுவிடும், மொத்தச் சுமையும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். விடுமுறை நாட்களில் அடிவாரச் சோதனைச் சாவடி அருகே வரும் பிரேக் கருகிய வாடை பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சேலத்திலிருந்து புறப்படும்போது நிறைத்துக்கொள்வதில் தவறில்லை.

பேட்டரி என்று வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பிஒய்டி 1995-இல் ஷென்ஷென் நகரில் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கி 2003-இல்தான் காருக்கு வந்தது; இன்றும் தன் பேட்டரி செல்களைத் தானே செய்கிறது. பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் சீனாவின் சிஏடிஎல் போன்ற பேட்டரி நிறுவனங்களிடமிருந்து செல்களை வாங்குகின்றன. பழைய நிறுவனங்கள் தூங்கிக்கொண்டிருந்தன என்று சொல்வதும் நியாயமாகாது. பிஎம்டபிள்யூ ஐ3 2013-லேயே வந்த வண்டி. ஆனாலும் என் வண்டியில் உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சேலத்துக்கு என்றே செய்ததுபோல் இருக்கிறது. இந்த வகை நிக்கல் கலந்த செல்களைவிட எடை கூடியது, ஆனால் வெப்பத்தைத் தாங்கும் தன்மையும் மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்கும் ஆயுளும் அதிகம். நிழலே இல்லாத இடத்தில் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றுவதையே இந்தப் பேட்டரிக்குப் பரிந்துரைக்கிறார்கள். நிக்கல் கலந்த செல்கள் உள்ள வண்டி வைத்திருக்கும் மைத்துனரோ அன்றாடம் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்தும்போது, அவர் கொடுத்த விலைக்கு உரிய தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பெரும்பாலான நாட்களில் கைக்கு வருவதில்லை.

தோட்டத்தில் மின்சாரம் போவது வழக்கம். மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் சரியாவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அப்போது என் வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்து விளக்கும் பிரிட்ஜும் மோட்டாரும் ஓட்டுகிறோம். மைத்துனரின் வண்டியில் இந்த வசதி இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்துதான் அவர், "மச்சான், உங்க வண்டியும் வண்டிதான்" என்று ஒப்புக்கொண்டார். ஜெனரேட்டரிலிருந்து காருக்குச் சார்ஜ் ஏற்ற முயன்றபோது இரண்டு வண்டிகளுமே மறுத்துவிட்டன. எர்த்திங் சரியாக இல்லாத இணைப்பை மின்கார் ஏற்காது. தோட்ட வீட்டுக்குத் தனி எர்த் குழி வெட்டி, பழைய வயரை மாற்றிய பிறகே அங்கே நிம்மதியாகச் சார்ஜ் போட முடிந்தது. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் மலைத் தோட்டத்தில் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்குத்தான்.

நெடுஞ்சாலையில் பெரிய வேறுபாடு காணவில்லை. பெங்களூரிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே மட்டும் மைத்துனரின் வண்டி கூடுதல் தைரியம் தருகிறது. திரைகளைப் பற்றி ஒரு குறை: ஏசி காற்றைக் குறைப்பதற்குக்கூடத் திரையைத் தொட வேண்டிய நிலை இரண்டு வண்டிகளிலும் வந்துவிட்டது. பனிமூட்டத்தில் கண்ணாடி மங்கும்போது கை தானாகப் போய்த் திருகும் ஒரு குமிழ் வேண்டும். அதை எடுத்துவிட்டதில் புதியவர், பழையவர் என்ற பேதமே இல்லை.

இனி சர்வீஸ். பெரிய வேலை என்றால் இருவருமே கோவைக்கோ பெங்களூருக்கோ போகிறோம். என் வண்டியின் முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டபோது மாற்றுக் கண்ணாடி கப்பலில் வரும் வரை காத்திருந்தேன். அவருக்கு உதிரிபாகம் சீக்கிரம் வந்தது, ஆனால் விலையைக் கேட்டு வீடே வாயடைத்துப் போனது. இந்த நிலை மாறும் என்று எதிர்பார்க்கிறேன். பிஎம்டபிள்யூ 2007 முதல் சென்னை அருகே மகேந்திரா சிட்டியில் பாகங்களை ஒன்றுசேர்த்து வண்டிகளைச் செய்து தருகிறது. 2017-இல்தான் பிறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் ஆலையைத் திறந்துவிட்டது. பாகங்கள் நம் மாநிலத்திலேயே கிடைக்கும் நாளில் புதிய நிறுவனங்கள் மீதான என் பெரிய தயக்கம் போய்விடும்.

இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்: சேலத்துக்குள் ஓடுவதற்கும் தோட்டத்தில் நிற்பதற்கும் என் வண்டி, குழந்தையும், முதுகுவலியுள்ள என் அம்மாவும் மலையிறங்குவதற்கு மைத்துனரின் வண்டி. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், சேலத்திலேயே குடியிருக்கும் நான் மறுபடியும் புதிய நிறுவனத்தின் வண்டியைத்தான் வாங்குவேன். தினமும் மலையிறங்கும் மைத்துனருக்கு அந்த அறிவுரையை நான் சொல்ல மாட்டேன்.