பல்லிடுக்கு பிரஷ்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

பல் தேய்த்துத் துப்பும்போது ரத்தம் தெரிந்தால், பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். ஆரோக்கியமான ஈறில் சாதாரணமாகத் தேய்த்தால் ரத்தம் வராது. வருகிறது என்றால் பல்லோரத்தில் கிருமிப் படலம் தங்கி, ஈறு அழற்சி கண்டிருக்கிறது என்று அர்த்தம். மற்ற இடங்களைவிட நன்றாகச் சுத்தம் செய்ய வேண்டிய இடமே அதுதான். என் பல் டாக்டர் முதலில் சொன்னது இதைத்தான். எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் பொருளைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கீழ்க் கடைவாயில் ஆரம்பித்தது. வலியே இல்லை. இரண்டு பல்லுக்கு நடுவே கூராக இருக்க வேண்டிய ஈறு உப்பி, சிவந்து, தொட்டால் மெத்தென்று இருந்தது. டாக்டர் மெல்லிய அளவுகோல் ஒன்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கின் ஆழத்தை அளந்தார். 3 மி.மீ. வரை இயல்பு, 4-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு எங்கும் 3-ஐத் தாண்டவில்லை. எலும்பு கரையாத இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். எலும்பு கரைந்துவிட்டால் அது தானாகத் திரும்ப வளராது.

அப்புறம் ஸ்கேலிங், அதாவது பல்லில் கல் மாதிரி இறுகிப்போன கிருமிப் படலமான காரையை டாக்டர் கருவியால் எடுப்பது. "க்ளீன் பண்ணினா பல் ஆடிடும்" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். அடைத்திருந்த காரை போனதும் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படும், சில நாள் கூச்சமும் இருக்கும். அதைத்தான் பல் ஆடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே ஆடினால், காரணம் காரையோடு சேர்ந்து வளர்ந்த நோய்தான். படலம் காரையாக இறுகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷாலும் போகாது, டாக்டரிடம்தான் போக வேண்டும்.

டூத்பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பல்லுக்கு நடுவே போகாது. அதற்குத்தான் இன்டர்டென்டல் பிரஷ் என்கிற இந்தப் பல்லிடுக்கு பிரஷ். நடுவில் மெல்லிய கம்பி, சுற்றிலும் நார். நான் வாங்குவது டெபே. இளஞ்சிவப்பு 0.4 மி.மீ., ஆரஞ்சு 0.45, சிவப்பு 0.5, நீலம் 0.6. முன்பல்லுக்கு இளஞ்சிவப்பு, கடைவாய்க்கு நீலம் என்று இரண்டு அளவு எனக்குத் தேவைப்படுகிறது. வேறு கம்பெனி வாங்கினால் நிறத்தை நம்பாதீர்கள், அளவைப் பாருங்கள். நார் இரு பக்கமும் லேசாக உரச வேண்டும், கம்பி பல்லில் இடிக்கக்கூடாது. முதல் தடவை டாக்டரிடமே அளவு கேட்டுக்கொள்வது நல்லது. இடைவெளியே இல்லாத இடத்தில் திணிக்க வேண்டாம், அங்கே ஃப்ளாஸ் நூல்தான்.

ஆரம்பத்தில் ரத்தம் இன்னும் அதிகமாக வந்தது. பலர் கைவிடுவது இங்கேதான். தொடர்ந்து செய்ததில் குறைந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹரால்ட் லோ குழுவினர் நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஒரு வார அளவில் சரியானது. எனக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடித்தது, ஆனால் போன வழி அதேதான்.

குறைகளும் உண்டு. மெல்லிய அளவில் கம்பி சீக்கிரம் வளைந்து முறிகிறது. மேல் கடைவாயில் உள்ளே கொண்டுபோகக் கை பழக வேண்டும். எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் கொஞ்சம் கூடுதல்தான். கழுவிக் காயவைத்தால் ஒரே பிரஷ் பல தடவை வரும். நார் கலைந்ததும் மாற்றிவிடுகிறேன்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷையும் டாக்டர் சில நாள் கொடுத்தார். வேலை செய்கிறது. ஆனால் நாளானால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும், பிரஷ்ஷுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளவே கூடாது.

புகைபிடிப்பவர்கள் ரத்தம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். புகை அந்த அறிகுறியையே மறைத்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் வேகமாக முற்றும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கஷ்டமாகும். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீழ் வந்தாலோ பல் ஆடினாலோ எந்தப் பிரஷ்ஷையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

போன செக்கப்பில் அளந்தபோது கடைசிப் பல்லின் பின்புறம் தவிர வேறு எங்கும் ரத்தம் வரவில்லை. அந்த இடத்துக்கு ஒரே கொத்து நார் உள்ள சின்னப் பிரஷ் ஒன்றை வாங்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கொஞ்ச காலம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு அதைப் பற்றியும் எழுதுகிறேன்.