இளைக்கிற உடம்புக்கு எதை உடுத்துவது: பிடித்துத் தைப்பதா, வாங்குவதா, நாடாவை நம்புவதா?

எடை குறைப்பதற்காக இரைப்பையில் செய்யும் ஸ்லீவ் அல்லது பைபாஸ் அறுவை முடிந்து வீடு திரும்புகிறவரிடம் மருத்துவமனை கொடுக்கும் தாளில் முதல் வாரத் திரவ உணவிலிருந்து ஆயுள் முழுக்கப் போடவேண்டிய வைட்டமின் வரை எல்லாம் இருக்கும். துணிக்கு ஒரு வரி இருக்காது. எட்டாவது வாரம் சுடிதாரின் தோள் சரியும்போதுதான் அந்தப் பாடம் தொடங்கும்.

முதலில் கணக்கு. ஓராண்டில் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குவது வழக்கம். 120 கிலோ என்றால் 30 முதல் 40 கிலோ. அதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே போய்விடும். பிறகு வேகம் தணிந்து, 12 முதல் 18 மாதத்துக்குள் ஏறக்குறைய ஓர் இடத்தில் நிற்கும். ரெடிமேட் குர்த்தி அளவில் சொன்னால், 48 அங்குல 4எக்ஸ்எல்லில் ஏறியவர் 40 அங்குல எல்லில் இறங்குவார். நடுவே 46, 44, 42 என்று மூன்று நிறுத்தம். ஒவ்வொன்றிலும் தங்குவது ஆறு வாரமோ எட்டு வாரமோதான்.

இந்தப் பயணத்தைக் கடக்க மூன்று கட்சிகள் உண்டு. இருப்பதைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடிக்கும் கட்சி, ஒவ்வொரு சைஸுக்கும் மலிவாக வாங்கிப்போடும் கட்சி, அளவே இல்லாத உடைகளை வைத்து ஓட்டும் நாடாக் கட்சி. நான் நாடாக் கட்சி. முன்பே சொல்லிவிடுவது நல்லது.

விலையை வைத்துத்தான் பலரும் ஒப்பிடுகிறார்கள். விலை இங்கே இரண்டாம்பட்சம். ஓர் உருப்படி எத்தனை அங்குலம் வரை கூடவே வரும் என்று கேளுங்கள். மற்ற கேள்விகள் தாமாக அடங்கிவிடும்.

பிடித்துத் தைப்பதை எடுத்துக்கொள்வோம். சைடு தையலை அரை அங்குலம் உள்ளே தள்ளினால் முன் துண்டில் அரை, பின் துண்டில் அரை, இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 2 அங்குலம் குறையும். ஓர் அங்குலம் தள்ளினால் 4. இரண்டு அங்குலம் தள்ளினால் 8. அதாவது ஒரே குர்த்தியில் நான்கு சைஸும் முடிந்துவிடும் போலத் தெரியும். துணி அப்படி நடந்துகொள்ளாது.

காரணம் தோள். சைடில் பிடித்தால் குறைவது மார்பும் இடுப்பும் மட்டும். தோள் அகலமும் கழுத்து வட்டமும் வெட்டினது வெட்டினபடியே இருக்கும். 48க்கு வெட்டிய கழுத்து 42 உடம்பில் ஒரு பக்கமாகச் சரிந்து பிரா பட்டையைக் காட்டும். கை ஆரம்பிக்கும் தையல் தோள் எலும்பைத் தாண்டிப் புஜத்தில் தொங்கும். அக்குள் குழியோ பழைய ஆழத்திலேயே கிடக்கும். கையைத் தூக்கினால் முழு உடையும் கூடவே மேலேறும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது குர்த்தி இடுப்புக்கு மேல் வருகிறதென்றால் குற்றம் நீளத்தில் இல்லை, அக்குளில் இருக்கிறது. ரவிக்கையில் இன்னொரு தொல்லையும் சேரும். மார்பின் வடிவுக்காக மடித்துத் தைக்கும் டார்ட்டின் நுனிகள் பழைய மார்பின் அகலத்துக்கு வைத்தவை. மார்பு சற்றே இறங்கி நடுவுக்கு வந்துவிட்ட பிறகு அந்த நுனிகள் அக்குள் பக்கம் வெறுமனே புடைத்து நிற்கும். சைடை எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் புடைப்பு போகாது. பலர் தையல்காரரைத் திட்டுவது இந்த இடத்தில்தான், அவர்மேல் பிழையில்லை.

ஆகவே எல்லை இது: மார்பில் 4 அங்குலம், அதாவது இரண்டு சைஸ். அதுவரை சைடைப் பிடித்தால் உடை உடையாக இருக்கும். அதற்கு மேல் கையைக் கழற்றி, தோளை வெட்டி, கழுத்தைச் சுருக்கி மறுபடி பூட்டவேண்டும். அது புதுத் தையலுக்குச் சமமான வேலை, கூலியும் அப்படித்தான் கேட்பார்கள். தோளைப் பிரிக்கவேண்டும் என்று அவர் சொன்ன கணமே அந்த உருப்படியை விட்டுவிடலாம். கழுத்தைச் சுற்றி ஆரி வேலை செய்த ரவிக்கை என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிடிக்கும் கட்சியிலேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு மூன்று யோசனைகள். பிரின்சஸ் கட் ரவிக்கைகளை முதலில் கொடுங்கள். மார்பின் மேலேயே நெடுக ஓடும் தையல் இருப்பதால் அங்கேயும் பிடிக்கலாம். டார்ட் ரவிக்கையைவிட ஒரு சைஸ் அதிகம் தாங்கும். இரண்டாவது, உள்ளே மிஞ்சும் துணியை வெட்டி ஓவர்லாக் அடிக்கவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உதவி செய்வதாக நினைத்து வெட்டிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டில் சில கிலோ திரும்ப ஏறுவது சாதாரணம், அப்போது அந்த ஓரம் வேண்டியிருக்கும். மூன்றாவது, பட்டில் கை வைக்காதீர்கள். பருத்தியில் பிரித்த தையலின் ஊசித் தடம் இரண்டு துவைப்பில் மறையும். பட்டில் மறையாது.

வாங்கும் கட்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கைநிறையப் பணமும் தினமும் போய்வர ஓர் அலுவலகமும் இருந்தால் அது வேலை செய்யும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நாலைந்து செட் என்று வாங்கினால் ஆறு மாதத்தில் பீரோ நிறைந்துவிடும், உடுத்த ஒன்றும் இருக்காது. ஒன்றைவிட்டு ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம்: 48லிருந்து நேரே 44, பிறகு 40. திருப்பூர் காதர்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பின்னலாடை இதற்குத் தோதானது. ஆனால் அதிலுள்ள எம், எல் எல்லாம் வெளிநாட்டு உடம்புக்கான எழுத்து, நம்மூர் அளவைவிடப் பெரிதாக இருக்கும். லேபிளைப் பார்க்காமல் டேப் வைத்து அக்குளுக்கு அக்குள் அளந்து, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அக்கா தங்கை, நாத்தனார் வீட்டுப் பழைய துணி இதைவிட மலிவு. கௌரவம் பார்க்காவிட்டால் போதும்.

இனி நாடா.

தமிழ்நாட்டில் உடம்பு இளைக்கிறவருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. நம் உடைகளில் பாதி வெட்டப்படாத துணி. ஐந்தரை மீட்டர் புடவைக்கு சைஸ் கிடையாது. இடுப்புச் சுற்று 50லிருந்து 40 ஆனால், புடவை உடம்பை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுவதால் சுமார் 20 அங்குலம் மிஞ்சும். ஐந்து அங்குல மடிப்பு ஒன்று பத்து அங்குலத் துணியை விழுங்கும். ஆக, கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடும், அவ்வளவுதான். 8 அங்குலம் என்ன, 14 அங்குலம் இளைத்தாலும் அதே புடவை. எந்தத் தையல்காரரும் இந்தத் தாங்கலைத் தரமுடியாது.

மாறுவது பாவாடையும் ரவிக்கையும். பழைய பாவாடையை நாடாவை இழுத்தே கட்டலாம், ஆனால் 8 அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் சுருக்கம் முழுக்க இடுப்பில் மூட்டையாகத் திரண்டு புடவையின் அமைப்பைக் கெடுக்கும். அந்த நிலையில் இரண்டு பாவாடை மட்டும் புதிதாக வாங்கினால் முடிந்தது. முன்பக்க நீளத்தையும் கவனிக்கவேண்டும். பெரிய வயிறு பாவாடையின் முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்திருக்கும். வயிறு வற்றியதும் அந்த விளிம்பு இறங்கித் தரையைத் தொடும், படியில் கால் தடுக்கும். முன்பக்கம் நீளமாக விட்டுத் தைத்த சுடிதார் டாப்புக்கும் இதே கதைதான்.

நாடாவிலும் வகை பார்க்கவேண்டும். கயிறு போன்ற மெல்லிய நாடா கூடாது. ஓர் அங்குல அகல நாடா, அல்லது அகல எலாஸ்டிக்கும் நாடாவும் சேர்ந்தது வேண்டும். இளைத்த பிறகு வயிற்றுத் தோல் மடிப்பாகத் தொங்கும், அந்த மடிப்பில் வியர்வை தேங்கி அரிப்பும் புண்ணும் வரும். மெல்லிய நாடா அதே இடத்தில் அறுத்தால் நிலைமை மோசமாகும். வருடக்கணக்கில் நாடா உராய்ந்து ஆறாத புண்ணாகி, அது அரிதாகப் புற்றாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மடிப்புக்குள் கட்டாமல் அதற்கு மேலே, தொப்புள் மட்டத்தில் கட்டுங்கள். முடிச்சு வலப்பக்கம் ஒருநாள், இடப்பக்கம் ஒருநாள் என்று மாறட்டும்.

பாவாடைக்குப் பதில் இப்போது எல்லாரும் போடும் இறுக்கமான புடவை ஷேப்வேர் இந்தக் காலத்துக்கு ஆகாது. ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சலும் எதுக்களிப்பும் வரும் வாய்ப்பு அதிகம். வயிற்றை நசுக்கும் எதுவும் அதைக் கூட்டும். ஒல்லியாகக் காட்டுகிறது என்று போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குப் பிறகு மார்பைத் தடவுவதில் என்ன இருக்கிறது?

ரவிக்கைக்கு ஸ்ட்ரெட்ச் பின்னல் ரவிக்கைதான் விடை. ஒன்று மார்பில் 4 முதல் 6 அங்குலம் வரை கூட வரும், தோளும் துணியோடு சுருங்கி ஒட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன தோள் சங்கடம் இங்கே இல்லை. கறுப்பு, சந்தனம், மெரூன் மூன்றும் பெரிய சைஸில் ஒருமுறை, சின்ன சைஸில் ஒருமுறை என ஆறு வாங்கினால் ஓராண்டு ஓடிவிடும். துணி ரவிக்கைதான் வேண்டும் என்பவர்கள் முதுகுக் கழுத்தில் கயிறு வைத்துத் தைக்கச் சொல்லலாம். கயிற்றை இழுத்துக் கட்டினால் இரு தோளும் உள்ளே வரும். ஒரு சைஸ் சம்பாத்தியம்.

புடவை கட்டாதவர்களுக்கு நாடா வைத்த பலாஸோ, பட்டியாலா, லைக்ரா லெக்கிங்ஸ், மேலே பின்னல் துணி ஏ-லைன் குர்த்தி. நேர்வெட்டு குர்த்தியைத் தவிர்க்கலாம். அதில் இளைப்பு முதலில் தெரிவது தோளில், அழகாகவும் தெரியாது.

அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு நைட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. வயிற்றில் நாலைந்து சிறு தழும்புகள் இருக்கும், அதில் ஒன்று பெரும்பாலும் நெஞ்செலும்புக்குச் சற்றுக் கீழே. பிராவின் அடிப்பட்டை அதில்தான் உரசும். கம்பி வைத்த பிராவை அந்த வாரங்களில் ஒதுக்கிவிடுங்கள்.

ஆண்களுக்கு வேட்டி இருக்கிறது. நாலு முழ வேட்டி ஏறக்குறைய 2 மீட்டர், 79 அங்குலம். 50 அங்குல இடுப்பில் 29 அங்குலம் மேலே மடியும், 38 இடுப்பில் 41. இரண்டுக்கும் ஒரே வேட்டி. சட்டையில்தான் பெண்களின் குர்த்தியைப் போலவே தோள் காட்டிக்கொடுக்கும். பேண்டைப் பின் நடுத் தையலில் 2 அங்குலம் பிடிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 42லிருந்து 34 வரை போகிறவருக்கு நடுவே 38 பேண்ட் இரண்டு, பெல்ட்டில் கூடுதல் ஓட்டை, இவ்வளவு போதும். கோட் சூட் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. தோளை முதலில் பாருங்கள் என்பதற்கு மேல் அதில் அழுத்திச் சொல்லமாட்டேன்.

யூனிஃபார்ம் போடுகிறவர்களிடம் நாடாக் கட்சி தோற்றுப்போகும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். செவிலியர், காவலர், பாதுகாவலர் எல்லாருக்கும் பிடித்துத் தைப்பது ஒன்றே வழி. நாலு செட்டையும் ஒரே நாளில் கொடுக்காமல், இரண்டைப் பிடித்து இரண்டை அப்படியே வைத்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில் மிஞ்சிய இரண்டை நேரே அந்த அளவுக்கு இறக்கலாம். ஒரே துணியை மூன்று முறை பிரித்துத் தைப்பது தவிரும்.

எந்தக் கட்சியானாலும் பிராவில் மிச்சம் பிடிக்காதீர்கள். கடைசிக் கொக்கியில் பொருந்தும் அளவாக வாங்கி, இளைக்க இளைக்க உள்கொக்கிக்கு நகர்ந்தால் ஒன்று 2 அங்குலம் வரை வரும். அதற்குப் பிறகு அடிப்பட்டை முதுகில் மேலேறத் தொடங்கும், அப்போது அடுத்தது. செருப்பும் அரை சைஸ் தளரலாம், மோதிரம் கைகழுவும்போது நழுவும். உடனே ஆசாரியிடம் ஓடவேண்டியதில்லை, நூல் சுற்றி ஒரு வருடம் ஓட்டலாம்.

அளந்து தைக்கும் நாள் எப்போது? தராசை மட்டும் நம்பவேண்டாம். மூன்றாம் வாரத்தை ஒட்டி எடை சில நாள் அசையாமல் நிற்பது பலருக்கும் வரும். அதை நிலைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு துணி எடுத்தால் நஷ்டம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மார்பு, மார்புக்குக் கீழ், தொப்புள், இடுப்பு, மேல்கை ஐந்தையும் அளந்து குறித்துவாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் எடை 2 கிலோவுக்குள்ளும் தொப்புள் சுற்று ஓர் அங்குலத்துக்குள்ளும் நின்றால் தையல்காரரிடம் போகலாம். மேல்கையைத் தனியாகக் காட்டி அளக்கச் சொல்லுங்கள். தொங்கும் தோலால் மார்புக்கு 40 வரும் உடம்பில் கை அளவு 44க்கு உரியதாக இருக்கும். மார்பை வைத்துக் கையை வெட்டினால் புது ரவிக்கை முதல் நாளே புஜத்தில் இறுக்கும்.

பட்டு ரவிக்கைகளை அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுக்கவேண்டும், அதுவும் பிரிப்பதற்கு இல்லை. புடவையோடு வந்த ரவிக்கைத் துண்டு வெட்டாமல் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.