ஆடு மேய்க்கத் தெரிந்த புத்தகமும் தெரியாத புத்தகமும்

காங்கேயத்திலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. உட்கார இடம் கிடைத்தால் அவ்வளவும் படிக்கிற நேரம், கிடைக்காவிட்டால் இல்லை. இப்படிப் படிக்கிறவனிடம் வந்து எந்தப் புத்தகம் நன்றாக இருக்கும் என்று கேட்டால் எனக்கு ஒற்றைப் பெயர் வாயில் வராது, இரண்டை எடுத்துவைத்து இதுவா அதுவா என்றுதான் சொல்ல வரும். என் அளவுகோல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. கதையில் வருகிற ஆள் என்ன வேலை செய்கிறானோ அந்த வேலை எழுதினவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காதல், சோகம், கண்ணீர் எல்லாம் அப்புறம்.

முதல் ஜோடி எங்கள் கொங்கு மண்ணிலிருந்தே. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’, பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. முதலாவது 1942இல் வந்தது, எழுதியவர் தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர். இரண்டாவது 2000இல், திருச்செங்கோட்டுப் பக்கத்து மேட்டாங்காட்டில் நடக்கிறது. வட்டார நாவல் என்றதும் முதல் பெயராக நாகம்மாளைச் சொல்வார்கள், அந்த மரியாதை அதற்குத் தகும். புருஷன் செத்த பிறகு கொழுந்தன் வீட்டில் இருக்கிற ஒருத்தி, என் பங்கு நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கேள்வி வாயைவிட்டு வருவதற்கு முன்னால் வீட்டுக்குள் என்னென்ன நடக்கும், யார் யார் வெளியிலிருந்து விசிறிவிடுவார்கள், கொழுந்தன் பெண்டாட்டி எந்தப் பேச்சுக்கு எப்படி முகத்தைத் திருப்புவாள் என்பதை எல்லாம் அந்த மனிதர் இருபத்தைந்து வயதில் எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் படித்துவிடலாம். குறை என்றால் முடிவு. அத்தனை நேரம் நிதானமாக வந்த கதை கடைசியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடுகிறது.

கூளமாதாரி அதே மாதிரி காட்டை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறது. கவுண்டர் காட்டில் வருசக் கூலிக்கு விடப்பட்ட கூளையன், அவனோடு ஆடு மேய்க்கிற வவுறி, நெடும்பன், மொண்டி, செவிடி. பெயர்களைப் பாருங்கள், ஒரு பிள்ளைக்காவது ஆசையாக வைத்த பெயர் என்று தோன்றுகிறதா? நாகம்மாளில் நிலம் யாருக்கு என்பதுதான் சண்டை. இங்கே அந்தக் கேள்வியே எழாது, நிலம் இந்தப் பிள்ளைகளுடையது ஆகப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். ஆட்டை எங்கே மடக்குவது, வெயில் ஏறினால் எந்த நிழலுக்கு ஓட்டுவது, பனம்பழத்தை யார் முதலில் எடுப்பது என்று வேலையும் விளையாட்டும் பிரிக்க முடியாமல் கிடக்கிற பக்கங்கள். நடுவில் இழுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் இரண்டு முறை தூங்கிவிட்டேன்.

இரண்டையும் அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், கொடுத்தேன். அவருக்கு எண்பதை ஒட்டின வயது. கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடும், அதில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், நாற்பது ஐம்பது ஆடுமாக வாழ்ந்தவர். நாகம்மாளை இரண்டே நாளில் முடித்துவிட்டு, “நம்ம பங்காளி ஊட்டுக் கதையாட்டவே இருக்குது கண்ணு” என்று சிரித்தார். கூளமாதாரியை ஒரு மாதம் வைத்திருந்தார். பாதியில் அட்டையை மடக்கி அடையாளம் வேறு. திருப்பிக் கொடுக்கும்போது, “ஆடு ஓட்டறதைச் சரியா எழுதியிருக்கறான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம காட்டுலயும் ஒரு பையன் இருந்தான், ஏழெட்டு வருசம் இருந்தான், பேரு நெனப்பு வரமாட்டேங்குது” என்றார். அன்றைக்கு ராத்திரி அம்மிச்சியிடமும் (அம்மாவின் அம்மா) கேட்டிருக்கிறார், அவருக்கும் வரவில்லை. எது பெரிய நாவல் என்று என்னிடம் கேட்டால் நான் கூளமாதாரி பக்கம். எதை முதலில் படிக்கலாம் என்றால் நாகம்மாள்.

சரி, திருப்பூருக்கு வருவோம். எங்கள் கம்பெனியில் படிக்கிறவன் என்று பெயர் எடுத்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைக் கையில் திணிப்பார்கள். சாதாரண ஆள் கோடீஸ்வரன் ஆனது எப்படி, ஏழு வழி, பத்துப் படி. அதற்கு எதிரே நான் வைக்கிறது எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’, 2004இல் வந்தது, திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர் எழுதியது. பள்ளிக்கூடம் முடித்த ஐந்து கூட்டாளிகள் இந்த ஊரோடு சேர்ந்து வளர்கிறார்கள், ஊர் வளர்கிற வேகத்துக்கு அவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது கதை. தன்னம்பிக்கைப் புத்தகத்தில் உழைப்பு என்ற சொல் பக்கத்துக்குப் பத்துத் தடவை வரும், ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து, பனியன் தைக்கிற பவர் டேபிளை விட்டு எழுந்திருக்கும்போது இடுப்பு என்ன சொல்லும் என்று ஒரு வரி இருக்காது. மணல் கடிகை தடிமன்தான், சில இடங்களில் காமம் கொஞ்சம் தூக்கலாகப்பட்டது எனக்கு. இருந்தாலும் ஆர்டர் கையில் இருக்கிற வாரம் ஒருவனுடைய நடை எப்படி இருக்கும், கேன்சல் ஆன வாரம் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் இருக்கிறவனுக்குத் தெரிந்ததை எழுதிய புத்தகம் அது. ஒரே ஒரு விஷயத்தில் அந்தக் கோடீஸ்வரப் புத்தகங்களுக்கு மார்க் கொடுக்கலாம், எழுத்து பெரிதாக இருக்கும், குலுங்குகிற பஸ்ஸில் கண் வலிக்காது.

குலுங்குகிற பஸ் என்றதும் கிரைம். ராஜேஷ்குமாரா சுஜாதாவா? இந்தச் சண்டை எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக நடக்கிறது. சித்தப்பா ராஜேஷ்குமார் கட்சி, அதில் ஊர்ப் பாசமும் உண்டு, கோயமுத்தூர்க்காரர் ஆயிற்றே. ஆயிரத்து ஐந்நூறு நாவலுக்கு மேல் எழுதியவரை எப்படி ஒரே தராசில் வைப்பது என்று தெரியவில்லை. ஒன்றில் அசத்துவார், அடுத்ததில் போன மாதம் படித்த வாசனை அடிக்கும். ஆனால் சம்பந்தமே இல்லாத இரண்டு கதையை மாற்றி மாற்றி ஓட்டி, இது எங்கே போய் முட்டும் என்று நம்மை இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்ட வைக்கிற வித்தை அவருடையது. அவர் கதைகளில் துப்பறிகிற விவேக்கும் அவன் மனைவி ரூபலாவும் வந்தால் சித்தப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்த மாதிரி. சுஜாதாவை நான் எடுப்பது வேறு காரணத்துக்கு. ‘கொலையுதிர் காலம்’ நாவலில் நடப்பது பேய் வேலையா அறிவியலா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டும்போது, இன்ஜினியரான சுஜாதாவுக்கு அந்த அறிவியல் தெரிந்திருக்கிறது, வக்கீல் ஆபீஸ் பேச்சும் தெரிந்திருக்கிறது. பெண்களை வர்ணிக்கிற இடங்கள் இன்றைக்குப் படிக்கக் கூச்சமாக இருக்கின்றன, அதை மறைக்கத் தேவையில்லை. பஸ்ஸுக்கு ராஜேஷ்குமார், இரண்டாம் தடவை படிக்கச் சுஜாதா. சித்தப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஒரு தடவை படித்துவிட்டால் கொலையாளி யாரென்று தெரிந்துவிடுமே, அப்புறம் இரண்டாம் தடவை எதற்கு என்பார்.

சத்தியமங்கலம் காட்டைப் பற்றிப் பரபரப்புப் புத்தகங்கள் நிறையக் கிடைக்கும், அட்டையில் மீசையும் துப்பாக்கியும் இருக்கும். நானும் நாலைந்து படித்திருக்கிறேன், விறுவிறுப்பு இருக்கிறது. ஆனால் அவற்றில் காடு என்பது துரத்துகிறவர்களும் ஓடுகிறவர்களும் மறைந்துகொள்கிற திரைச்சீலை மட்டும்தான். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) படித்த பிறகு அந்த அட்டைகளைத் தொட மனசு வரவில்லை. முதல் பாதி முழுக்க அந்தக் காட்டுப் பழங்குடிகளான சோளகர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வேட்டைக்குப் போனார்கள், நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது. வீரப்பன் தேடுதல் வேட்டை என்ற பெயரில் அவர்கள் பட்டது இரண்டாம் பாதி. அதைப் பஸ்ஸில் படிக்காதீர்கள். நான் படித்தேன், பக்கத்து சீட்டு அம்மா, “ஏனுங் தம்பி, ஒடம்பு சரியில்லீங்களா” என்று கேட்டார்.

சரித்திர நாவலில் என் அளவுகோல் உடைந்துபோகிறது. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்திலும் யாரும் முதுகு வலிக்க வேலை செய்த மாதிரி ஞாபகம் இல்லை, குதிரை ஏறுகிறார்கள், ஓலை கொண்டு போகிறார்கள், ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்கிறார்கள். இருந்தும் ஒவ்வொரு வருசமும் ஆடிப் பதினெட்டு வந்தால் முதல் பாகத்தை எடுத்துவிடுகிறேன், வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் வரும்போது வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. அதற்கு எதிரே வைக்க எங்களுக்கு அண்ணன்மார் கதை இருக்கிறது, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றி உடுக்கை அடித்துப் பாடுகிற கதை. கனடாவின் மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் எங்கள் பக்கம் ஓலப்பாளையத்தில் அதைப் பாடக்கேட்டுப் பதிவு செய்தார். மு. கருணாநிதி ‘பொன்னர்-சங்கர்’ என்று நாவலாகவும் எழுதினார். நாவலைப் படித்தேன், நடை கம்பீரம்தான், ஆனால் உடுக்கைச் சத்தம் இல்லாமல் அந்தக் கதை எனக்கு உப்புப் போடாத கம்பஞ்சோறு. கோயில் முன்னால் ராத்திரி கேட்டவனுக்கு அச்சில் படிப்பது கஷ்டம். கேட்காதவர்கள் நாவலை எடுக்கலாம்.

கவிதையில் போட்டி வைக்க எனக்குத் தகுதி போதாது. சிற்பியின் ‘ஒரு கிராமத்து நதி’ பிடித்தது, பொள்ளாச்சிப் பக்கம் பஸ்ஸில் போனபோது படித்ததாலும் இருக்கலாம்.

கடைசியாக, நாவலுக்குப் போட்டியாக ஒரு அகராதி. பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் வாங்கினேன், கூளமாதாரியில் சில சொல் எனக்கே பிடிபடவில்லை, பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று. வீட்டில் நாவல் பக்கமே போகாத அம்மா அதை எடுத்துக்கொண்டார். அடுப்பில் பால் வைத்துவிட்டு நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்புவார், ஏதோ ஒரு சொல்லைச் சத்தமாகப் படித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வார், பால் பொங்கிவிடும். இப்போது ஓரத்தில் பென்சிலால் எழுதவும் ஆரம்பித்திருக்கிறார், எங்க ஊர்ல இதுக்கு வேற சொல்லுவோம் என்று. திருப்பிக் கேட்டால், இன்னும் ப வரிசையே வரலை என்கிறார். கூளமாதாரியை இரண்டாம் தடவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.