நானே தைத்த ஹூடி: நான்கு பனிக்காலங்களுக்குப் பிறகு

குன்னூரில் நவம்பர் பிறந்துவிட்டால், பொழுது சாய்ந்த பிறகு கனமான மேலுடை இல்லாமல் வாசலில் நிற்க முடியாது. 2021 நவம்பரில், கடையில் வாங்கிய ஹூடிகளின் (தொப்பி இணைந்த மேலுடைகளின்) கை நீளம் எனக்கு ஒருபோதும் சரியாக அமையாத காரணத்தால், வீட்டுத் தையல் மெஷினிலேயே ஒன்றைத் தைத்துக்கொண்டேன். அதன்பின் வந்த நான்கு பனிக்காலங்களிலும் வாரத்துக்கு நான்கைந்து நாள் அதையே அணிந்து, பத்து நாளுக்கு ஒரு முறை துவைத்து வந்திருக்கிறேன். தைத்து முடித்த அன்று பெருமையாகத் தெரிந்த சில வேலைகள் நிலைக்கவில்லை. அன்று பொருட்படுத்தாத சில வேலைகளே இன்றுவரை அந்த உடையைத் தாங்கி நிற்கின்றன.

துணியைத் திருப்பூரில் வாங்கினேன். அங்கே பனியன் துணி மீட்டரில் அல்ல, கிலோவில் விற்கப்படுகிறது. நான் எடுத்தது 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள, உட்புறம் பிரஷ் செய்து பஞ்சு எழுப்பிய ஃப்ளீஸ் துணி. 70 அங்குல அகலத்தில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.85 மீட்டர் வரும். நடுத்தர உடல்வாகு உள்ளவருக்கு அது போதும். கைவிளிம்புக்கும் இடுப்புக்கும் தேவையான, இழுத்தால் நீண்டு சுருங்கும் வரிப் பின்னலான ரிப் துணி கால் கிலோ தனியாக வாங்கினேன். துணியைச் சுற்றிக் கொடுத்த கடைக்காரர், "நனைச்சுக் காய வச்சுட்டு வெட்டுங்கக்கா, இது காம்பேக்டிங் போகாத துணி" (அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கப்படாதது) என்று சொன்னார். நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதற்கு இணையானது வேறில்லை.

வீட்டுக்கு வந்ததும் துணியின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, துவைத்து நிழலில் உலர்த்தி அளந்து பார்த்தேன். நீளவாக்கில் 47, அகலவாக்கில் 49 என்று நின்றது. துவைக்காமல் வெட்டியிருந்தால் 60 சென்டிமீட்டர் கையில் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போயிருக்கும். அப்படியும் முதல் ஆண்டு முடிவில் கை இன்னும் ஒரு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. எனவே இரண்டு முறை துவைத்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும் என்பது இப்போது என் உறுதியான கருத்து.

தையலைப் பொறுத்தவரை ஊசிதான் முதலில் கவனிக்க வேண்டியது. பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி, 14-ஆம் எண், தேவை; அது நூல் வளையங்களை விலக்கிக்கொண்டு இறங்கும், சாதாரண ஊசி அவற்றை அறுத்துக்கொண்டு இறங்கும். முன்பக்கப் பையை மட்டும் அவசரத்தில் சாதாரண ஊசியால் தைத்தேன். மூன்றாவது துவைப்புக்குப் பின் பையின் வாய்ப்பகுதியை விரித்துப் பார்த்தபோது, ஊசி குத்திய வரிசை நெடுகக் கடுகளவு ஓட்டைகள் தெரிந்தன. சில இடங்களில் ஓர் ஓட்டை அடுத்ததோடு சேர்ந்து பிளந்திருந்தது. பையைப் பிரித்து எடுத்துப் புதிதாக வைக்க வேண்டியதாயிற்று. மற்றத் தையல்களை எல்லாம் பாலியஸ்டர் நூலில், அரை மில்லிமீட்டர் அகலமே உள்ள குறுகிய ஜிக்ஜாக்கில் போட்டிருந்தேன். இழுத்தால் துணியோடு சேர்ந்து நெளியக்கூடிய அந்தத் தையலில் இன்றுவரை ஒன்றுகூட அறுபடவில்லை. துணியின் ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இல்லாமல் ஹூடி தைக்க முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. என் அனுபவம் அதற்கு நேர்மாறானது.

தோள் தையலுக்குள் அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்தேன். வெளியே தெரியாத இந்தச் சிறு வேலையால்தான் தோள் இன்னும் தொங்காமல் இருக்கிறது. தொப்பியில் அப்படி நல்ல முடிவு எடுக்கவில்லை. உள்துணியாகவும் அதே ஃப்ளீஸை இட்டதால் தொப்பி கனத்து, கழுத்தைப் பின்னுக்கு இழுத்தது; மூட்டம் சூழ்ந்த நாட்களில் துவைத்தால் உடல் பகுதி காய்ந்த பிறகும் தொப்பி இரண்டு நாள் ஈரமாகவே கிடந்தது. இரண்டாம் ஆண்டில் உள்துணியைப் பிரித்து, டி-ஷர்ட் துணி போன்ற மெல்லிய சிங்கிள் ஜெர்சியை வைத்தேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

உடையின் ஆயுளைத் தீர்மானிப்பது ரிப் துணிதான் என்று இப்போது நம்புகிறேன். முதலில் வாங்கியது லைக்ரா என்ற மீள்தன்மையுள்ள இழை கலக்காத ரிப். பதினான்கு மாதங்களில் கைவிளிம்பு மணிக்கட்டைப் பிடிப்பதை விட்டுவிட்டுத் தளர்ந்து தொங்கியது. பாத்திரம் கழுவும்போது மேலே ஏற்றிவிட்டால் நிற்காமல் இறங்கித் தண்ணீரில் நனைந்தது. லைக்ரா கலந்த ரிப்பை வாங்கி மாற்றினேன். 24 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைவாய்க்கு 20 சென்டிமீட்டர் ரிப் வெட்டி, இரண்டையும் நான்காகப் பகுத்துக் குறியிட்டு, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்தி, ரிப்பை மட்டும் இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் விழாது. இடுப்பையும் சேர்த்து ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. எந்தத் தையல் எங்கே தொடங்குகிறது என்று கைக்குத் தெரிந்திருந்ததால் பிரிப்பதற்குத் தயக்கமே ஏற்படவில்லை. கடை ஹூடியாக இருந்திருந்தால் அந்த மாதமே அது தரை துடைக்கும் துணியாகியிருக்கும்.

கயிறு நுழைக்கும் துளைக்கு உலோக வளையத்துக்குப் பதிலாக, பின்னால் ஃப்யூசிங் (இஸ்திரி வைத்தால் ஒட்டும் தாங்குதுணி) ஒட்டிப் பொத்தான் துளைத் தையல் போட்டேன். துருவும் இல்லை, பிய்யவும் இல்லை. மகளுக்கு அடுத்த ஆண்டு தைத்த சிறிய ஹூடியில் கயிறே வைக்கவில்லை. விளையாட்டுச் சாதனங்களிலும் வண்டிக் கதவுகளிலும் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருப்பதால், குழந்தைகளின் மேலுடைத் தொப்பியிலும் கழுத்திலும் கயிறு வேண்டாம் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டில் தைப்பவர்கள் இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

செலவு, துணியும் ரிப்பும் நூலும் சேர்த்து அன்றைய விலையில் 650 ரூபாய்க்குள் முடிந்தது. நேரம் மூன்று மாலைகள்.

உட்புறப் பஞ்சு முதுகுப் பக்கம் தேய்ந்து, அங்கே பழைய கதகதப்பு குறைந்திருக்கிறது. வலது முழங்கை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. அதற்கு ஒட்டுப் போட மிச்சத் துணியில் இரண்டு துண்டுகளை வெட்டி வைத்திருக்கிறேன். அவற்றின் நீலம் இன்னும் புதிதாக இருப்பதால், நிறம் ஒத்துவரட்டும் என்று நான்கு மாதமாக அவற்றையும் ஹூடியோடு சேர்த்தே துவைத்து வருகிறேன்.