புதுப் போனா, ரீஃபர்பிஷ்டா, பேட்டரி மட்டும் போதுமா?

மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது, போன் வேறு இழுக்கிறது. இந்த நிலைமையில் மூன்று வழிகள் உண்டு: புதிது வாங்கலாம், ஒருவர் பயன்படுத்தியதைச் சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்டு போன் வாங்கலாம், இருப்பதற்கே பேட்டரி மாற்றலாம். சுற்றுச்சூழலை நினைத்துப் பார்த்தால் மூன்றாவதுதான் என் ஓட்டு, அதுவும் சந்தேகமே இல்லாமல்.

முதலில் புதுப் போன். ஒரு போனின் ஆயுள் முழுவதற்குமான கார்பன் கணக்கில் (அதாவது பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் எவ்வளவு வெளியாகின்றன என்ற கணக்கில்) ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதைத் தயாரிக்கும்போதே ஏறிவிடுகிறது. ஆப்பிள் தன் ஐபோன்களுக்கு வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தாலே தெரியும். நாம் ஆண்டுக்கணக்கில் போடும் சார்ஜுக்கு அதில் சின்னப் பங்குதான். அதனால் 'புது சிப், குறைந்த மின்சாரம்' என்ற விளம்பரத்துக்கு இங்கே பெரிய அர்த்தம் இல்லை (மிகப் பழைய ஃபிரிட்ஜ் என்றால் கதை வேறு, அது ராத்திரி பகலாக மின்சாரம் குடிப்பது). கார்பனைத் தாண்டி, போன் பேட்டரிகளில் சேரும் கோபால்ட் என்ற உலோகம் இருக்கிறது. உலகில் வெட்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அங்கே கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகளும் வேலை செய்வது ஊரறிந்த விஷயம்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் மறுசுழற்சி ஆகிவிடுமே என்பார்கள். 2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அறிக்கை. அப்படியே போய்ச் சேர்ந்தாலும் தங்கம், செம்பு மாதிரி லாபம் தருபவற்றைத்தான் எடுக்கிறார்கள், ஸ்பீக்கர் காந்தம் போன்றவற்றில் இருக்கும் அரிய மண் உலோகங்களில் பெரும்பகுதி வீண்.

ரீஃபர்பிஷ்டு? புதியதைவிட எவ்வளவோ மேல். ஆனால் புதிது வாங்குவதற்குப் பதிலாக வாங்கினால்தான் லாபம், மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் இல்லை. செக்யூரிட்டி அப்டேட் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இனி பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலே தேயும், அது வேதியியல், போனின் குற்றமில்லை. போன் இழுப்பதற்கும் சில சமயம் அதுவே காரணம்: தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததை ஆப்பிள் 2017இல் ஒப்புக்கொண்டது. அந்தப் போன்களில் பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. சிக்கல் என்னவென்றால் இப்போது பேட்டரியைப் பசை போட்டு உள்ளே ஒட்டிவிடுகிறார்கள், பின்மூடியை நகத்தால் கழற்றிய காலம் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் கொஞ்சம் விழித்துக்கொண்டு, 2025 ஜூன் முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது.

மதர்போர்டே போய்விட்டால், அல்லது அப்டேட் நின்று வங்கி ஆப் ஓட மறுத்தால், அப்போது ரீஃபர்பிஷ்டு பாருங்கள். அதுவும் சரிவராமல் புதிதுதான் என்றால், கேமராவுக்கு முன்னால் அப்டேட் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைகளிலிருந்து கூகுளும் சாம்சங்கும் அவற்றுக்கு 7 ஆண்டுகள் என்று சொல்லியிருக்கின்றன.