விஸீல் மாளிகை: டிக்கெட் இல்லை, செவ்வாயில் திறப்பதும் இல்லை

பிரான்சில் கிரெனோபிள் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள விஸீல் என்ற ஊரின் மாளிகையில் ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முதல் தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான், அருங்காட்சியகத்துக்கும் அன்றைக்குத்தான். போகும் முன் பார்த்துக்கொள்ளாதது என் தப்பு. அடுத்த முறை லியோனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கிரெனோபிளிலிருந்து 15 கிலோமீட்டர் போல வரும். அனுமதி இலவசம். பிரெஞ்சுப் புரட்சிக்கென்றே 1984-இல் திறந்த அருங்காட்சியகம். புரட்சி என்றால் பாரிஸ், பாஸ்டீல் சிறை என்றே படித்து வந்தவர்களுக்கு இந்தச் சின்ன ஊர் ஒரு ஆச்சரியம். பாஸ்டீல் விழுவதற்கு ஒரு வருடம் முன்பே, 1788 ஜூலை 21-இல், ஏறத்தாழ 500 பேர் இந்த மாளிகையில் கூடி, குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் கூடும் பொதுச்சபை சம்மதிக்காமல் வரி கட்ட முடியாது என்று தீர்மானம் போட்டார்கள். இடம் கொடுத்தவர் கிளோத் பெரியே என்ற வியாபாரி. மாளிகையிலேயே பருத்தித் துணிக்கு அச்சடித்துக்கொண்டிருந்தவர். அந்தத் துணிக்குப் பிரெஞ்சில் பெயரே ‘ஆந்தியேன்’, அதாவது இந்தியாவுடையது. நம்மூர்ச் சீட்டித் துணியைப் பார்த்துப் பழகிய தொழில்தான்!

நான் தேடிப் போனது அந்தக் கூட்டத்தில் இருந்த அந்துவான் பர்னாவை. கிரெனோபிள் வக்கீல், புராட்டஸ்டன்ட் குடும்பம், அப்போது வயது 26. மகள், “யாருப்பா இவரு? பள்ளிக்கூடத்துல சொல்லவே இல்லையே” என்றாள். தியேட்டர் கதையிலிருந்து ஆரம்பித்தேன். பர்னாவ் சின்னப் பையனாக இருந்தபோது, அவருடைய அம்மா நாடகக் கொட்டகையில் காலியாக இருந்த ஒரு பாக்ஸில், அதாவது தனியாகத் தடுத்த இருக்கை அறையில், போய் உட்கார்ந்தார். அது ஆளுநருக்கு வேண்டிய ஒருவருக்கு ஒதுக்கியதாம். எழுந்திருக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். சிப்பாய்களை வைத்து வெளியேற்றினார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களின் குடும்பங்கள் கூடவே எழுந்து வெளியேறின, மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகவில்லை. “ஒரு சீட்டுக்காகவா?” என்றாள். சீட்டுக்காகத்தான்.

உள்ளே அலெக்சாந்தர் தெபெல் வரைந்த பெரிய ஓவியத்தின் முன்னால் நெடுநேரம் நின்றோம். 1788 ஜூன் 7, கிரெனோபிளில் ‘ஓடுகளின் நாள்’: கூரைமேல் ஏறிய சனம் ஓட்டைப் பிடுங்கிக் கீழே நிற்கும் சிப்பாய்கள்மேல் எறிகிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து வரைந்த படம், கொஞ்சம் நாடகத்தனம் உண்டு. ஆனாலும் வீட்டுக்காரன் தன் கூரையைத் தானே பிரிக்கிற கோபம் அதில் தெரிகிறது.

பர்னாவ் அப்புறம் பொதுச்சபைப் பிரதிநிதியாகப் பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள வெர்சாய்க்குப் போனார். 1789 ஜூலையில் கும்பல் இரண்டு அதிகாரிகளைக் கொன்றபோது, “சிந்திய இரத்தம் அவ்வளவு தூய்மையானதா?” என்று சபையில் கேட்டார். 1791-இல் தப்பியோடிப் பிடிபட்ட அரசரைத் திரும்பக் கூட்டிவந்த வண்டியில் உட்கார்ந்து வந்தவர்களில் இவரும் ஒருவர். அதன்பின் ராணியோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து. 1792 ஆகஸ்டில் சொந்த ஊர்ப்பக்கமே கைது, 1793 நவம்பர் 29-இல் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்தில் மரண தண்டனை. 32 வயது. சிறையில் இருந்தபடியே புரட்சியின் காரணங்களைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார், அச்சானது 1843-இல். மனிதர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் காலனிகள் விஷயத்தில் அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள் பக்கம் நின்றார். பாக்ஸிலிருந்து எழுப்பப்பட்ட அம்மாவின் பிள்ளை அப்படிப் பேசியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

குழந்தைகளோடு போனால் மாளிகைப் பூங்காவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்கு வழியில் ஒரு கடையில் நுழைந்தோம். உருளைக்கிழங்கு கிராத்தான் மேலே சூடு, உள்ளே ஜில். பேர் வேண்டாம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மாலையில் கிரெனோபிள் நோத்ர்-தாம் சதுக்கத்தில், மூன்று வகுப்பாரின் நீரூற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உச்சியில் நிற்கும் மூன்று பேரில் பர்னாவ் யார் என்று மகள் தேடினாள். அவர் இல்லை, மூன்று வகுப்புக்கும் ஆளுக்கொருவர்தான் என்றேன். “அப்போ அவங்க அம்மா?” என்றாள்.