மைலோமா நோயாளிகளுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனை: அண்ணா நகர் ஆய்வகம் ஒன்றின் சேவை

மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் என் அப்பாவுக்கான ரத்தப் பரிசோதனைகளை அண்ணா நகரில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில்தான் தொடர்ந்து செய்துவருகிறோம். நிறைகளோடு கடுமையான குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ரத்தத்திலுள்ள புரதங்களை மின்புலத்தில் பிரித்து வரைபடமாகக் காட்டும் சீரம் புரத எலக்ட்ரோபோரெசிஸ் பரிசோதனைக்கு இவர்கள் தரும் அறிக்கையை முதலில் பாராட்ட வேண்டும். உடல்நலமுள்ளவரின் வரைபடத்தில் எதிர்ப்பொருள்கள் சேரும் காமா பகுதி அகன்று தாழ்ந்த மேடாக இருக்கும். எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் கலந்திருப்பதன் அடையாளம் அது. மைலோமாவில், எதிர்ப்பொருளைச் சுரக்கும் ரத்த அணுவான பிளாஸ்மா செல் ஒன்றின் வழிவந்தவை ஒரே எதிர்ப்பொருளைச் சுரந்து தள்ளுவதால் அந்த இடத்தில் கூரிய முனை ஒன்று எழும். மற்ற எதிர்ப்பொருள்கள் குன்றிப்போக, மேடு தட்டையாகிவிடும். நாங்கள் முன்பு போய்வந்த இடத்தில் அந்த முனையை மட்டும் அளந்து கொடுத்தார்கள். இங்கோ ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று எதிர்ப்பொருள் வகைகளின் அளவுகளையும் முந்தைய அளவுகளோடு ஒரே பக்கத்தில் அச்சிட்டுத் தருகிறார்கள். நோயோடு தொடர்பில்லாத எதிர்ப்பொருள்கள் குறைவதை மருத்துவர்கள் இம்யூனோபரேசிஸ் என்பார்கள். நோய் கண்டறியப்படும் கட்டத்தில் அது இருந்தால் நோய் விரைவில் தீவிரமடையும் வாய்ப்பு அதிகம் என்றும், சிகிச்சைக்குப் பின் அவை மீண்டெழுவது நல்ல அறிகுறி என்றும் ஆய்வுகள் காட்டியிருப்பதால், இந்த ஒரு பக்கம் எங்கள் மருத்துவருக்கு மிகவும் பயன்படுகிறது.

அப்பாவுக்குச் செலுத்தப்படும் டாராட்டுமுமாப், அமெரிக்காவில் 2015-இல் ஒப்புதல் பெற்ற நோயெதிர்ப்பு மருந்து. அதுவே ஐஜிஜி கப்பா வகை எதிர்ப்பொருள் என்பதால், நோய் சுரக்கும் எதிர்ப்பொருளின் வகையைப் பட்டையாகக் காட்டும் இம்யூனோஃபிக்சேஷன் பரிசோதனையில் தானும் மெல்லிய பட்டையாகத் தெரிந்து, நோய் இன்னும் மிச்சமிருப்பதுபோல் மயங்கச் செய்யும். அப்பாவின் நோய் சுரக்கும் எதிர்ப்பொருளும் அதே வகைதான். ரத்தம் எடுப்பதற்கு முன்பே, “ஐயாவுக்குக் கடைசியா எப்போ ஊசி போட்டாங்க?” என்று கேட்டுப் படிவத்தில் எழுதிக்கொண்டார் அங்கிருந்த பெண். அறிக்கையின் அடியில், அந்தப் பட்டை மருந்தாலும் ஏற்பட்டிருக்கலாம் என்ற குறிப்பும் இருந்தது. இந்த மருந்து தேடிச் செல்லும் சிடி38 என்ற புரதம் நல்ல பிளாஸ்மா செல்களிலும் உண்டு. எனவே சிகிச்சையின்போது மற்ற எதிர்ப்பொருள்கள் குறைந்தால், அதை நோயின் கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. இதை நோயியல் மருத்துவர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்.

இனி அந்தக் குறை. ஐஜிஜி டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கும் கீழே போய், நுரையீரல் தொற்றும் திரும்பத் திரும்ப வந்ததால் அப்பாவுக்கு ஐவிஐஜி ஏற்றப்பட்டது. ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத் திரவமான பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்து, நரம்பு வழியே ஏற்றப்படும் எதிர்ப்பொருள் மருந்து அது. அதன் பின் சிகிச்சையை மாற்றுவதற்கு முன்னோட்டமாகச் செய்த பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் தொற்றியதன் அடையாளமாகக் கருதப்படும் ஹெபடைட்டிஸ் பி கோர் எதிர்ப்பொருள் பாசிட்டிவ் என்று ஒரு வரியில் வந்தது, விளக்கம் எதுவுமில்லை. வீடே கலங்கிப்போனது. சிகிச்சை தொடங்கும் முன் எடுத்த பழைய அறிக்கை நெகட்டிவாக இருந்ததைப் பார்த்த எங்கள் மருத்துவர், கொடையாளர்களின் எதிர்ப்பொருள் ஐவிஐஜி வழியாக வந்திருக்கக்கூடும் என்றார். வைரஸ் டிஎன்ஏ பரிசோதனையும் நெகட்டிவ் என்று வந்த பிறகே நிம்மதி. புற்றுநோய் ஊசியின் தேதியை அத்தனை அக்கறையோடு கேட்கும் படிவத்தில் ஐவிஐஜி பற்றி ஒரு கட்டம்கூட இல்லாதது பெரிய விடுபடல். புகார் சொன்னபோது வருத்தம் தெரிவித்தார்கள். படிவம் இன்னும் மாறவில்லை.

ஐவிஐஜிக்குப் பின் ஐஜிஜி அளவு உயர்வதைக் கண்டு குடும்பத்தார் மகிழ்வது இயல்புதான். ஆனால் அது பிறரிடமிருந்து வந்தது; ஏறத்தாழ மூன்று வாரங்களில் பாதியாகிவிடும். நோயாளியின் உடல் தானே எத்தனை வகை எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு, பிளாஸ்மா செல்களாக மாறும் பி செல்களின் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அந்த வசதி தங்களிடம் இல்லை என்று நோயியல் மருத்துவர் நேரடியாகவே சொன்னார். விலை உயர்ந்த வேறு பேக்கேஜ் எதையும் எங்கள் தலையில் கட்டப் பார்க்கவில்லை. அந்த நேர்மைக்காகவே தொடர்ந்து அங்கே போகிறோம்.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை ஒழுங்காக நடக்கிறது. அறிக்கை வாட்ஸ்அப்பில் சொன்ன நாளில் வந்துவிடுகிறது. அங்கே செல்பவர்கள் டாராட்டுமுமாப், ஐவிஐஜி இரண்டும் கடைசியாகச் செலுத்தப்பட்ட தேதிகளையும், சிகிச்சைக்கு முந்தைய ஹெபடைட்டிஸ் அறிக்கையின் நகலையும் கையோடு எடுத்துச் சென்று, கேட்காவிட்டாலும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.